பதினாறில் உள்ள ஒன்று: இடமதிப்பைக் கற்பிப்பது குறித்த விவாதங்கள்

ஒரு குழந்தையின் முன் பதினாறு காய்களை வைத்து எண்ணச் சொல்கிறார்கள். சரியாக எண்ணுகிறது. எத்தனை என்று எழுதச் சொன்னால் 16 என்று எழுதுகிறது. அதில் உள்ள 6ஐச் சுட்டி, "இது எத்தனை காய், காட்டு" என்றால் ஆறு காய்களை ஒதுக்குகிறது. அடுத்து 1ஐச் சுட்டி அதே கேள்வி. குழந்தை ஒரே ஒரு காயை எடுத்து வைக்கிறது. மீதி ஒன்பது காய்கள் மேசையில் கிடக்கின்றன. அவை அந்த எண்ணில் எங்கே இருக்கின்றன என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான்.

உளவியலாளர் பியாஜேயின் வழிவந்த ஆய்வாளர் கான்ஸ்டன்ஸ் காமி 1980களில் அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாக்கிய சோதனை இது. முதல் வகுப்பில் ஏறக்குறைய யாருமே தேறவில்லை; நான்காம் வகுப்பிலும் தேறியவர்கள் ஏறத்தாழ பாதிப் பேர்தான். ஷாரன் ராஸ் 25 குச்சிகளை வைத்து நடத்திய சோதனையும் 1989இல் இதே படத்தைத்தான் காட்டியது. 'பத்துகள் 2, ஒன்றுகள் 5' என்று அட்டவணையை நிரப்பத் தெரிந்த குழந்தைக்கு, அந்த 2 இருபது குச்சிகளைக் குறிக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது ராஸின் முடிவு.

முகமதிப்பும் இடமதிப்பும் எல்லாப் பாடநூல்களிலும் இருக்கின்றன. குச்சிக் கட்டுகளின் படமும் மணிச்சட்டமும் இருக்கின்றன. பிறகு ஏன் இப்படி? இந்தக் கேள்விக்குக் கல்வியியல் கடந்த நூறு ஆண்டுகளில் குறைந்தது நான்கைந்து பதில்களைச் சொல்லியிருக்கிறது. ஒவ்வொன்றும் சிக்கலின் ஒரு பகுதியைத் தெளிவாக்கியது. ஒவ்வொன்றிலும் ஓட்டையும் இருந்தது.

வரலாற்றைப் பார்த்து ஆறுதல் கொள்பவர்கள் உண்டு. பூச்சியத்தைக் கொண்டு கணக்கிடும் விதிகளைப் பிரம்மகுப்தர் 628இல் எழுதினார். இந்திய இலக்கங்களை ஐரோப்பாவுக்கு விளக்கிய ஃபிபொனாச்சியின் நூல் 1202இல் வந்தது. ஆனாலும் 1299இல் பிளாரன்ஸ் நாணய மாற்றுநர்களின் சங்கம் தன் உறுப்பினர்கள் கணக்கேடுகளில் இந்த இலக்கங்களைப் பயன்படுத்தத் தடை விதித்தது. நாகரிகங்களே தயங்கிய கருத்தில் ஏழு வயதுக் குழந்தை தடுமாறுவது இயல்பு என்பது இவர்கள் வாதம். கவர்ச்சியான வாதம்தான். ஆனால் பிளாரன்ஸ் வணிகர்களின் கவலை, இலக்கங்களை எளிதில் திருத்தி மோசடி செய்யலாம் என்பதாக இருந்திருக்கலாம்; புரியாமையாக இருக்க வேண்டியதில்லை. வரலாற்றின் தயக்கத்தையும் குழந்தையின் தடுமாற்றத்தையும் ஒன்றாக்குவதில் கவனம் தேவை.

பயிற்சியா, பொருளா?

முதல் பெரிய மோதல் அமெரிக்காவில் நடந்தது. எட்வர்ட் தார்ன்டைக் 1922இல் வெளியிட்ட எண்கணித உளவியல் நூல், கணக்கு என்பது எண்ணற்ற சிறு பிணைப்புகளின் தொகுப்பு என்றது. தூண்டலும் பதிலும் திரும்பத் திரும்பச் சேர்ந்து வந்தால் பிணைப்பு உறுதிப்படும். இந்தப் பார்வையில் இடமதிப்புக்குத் தனித் தகுதி எதுவும் இல்லை. 'வலமிருந்து தொடங்கு, போதவில்லை என்றால் பக்கத்தில் வாங்கு' என்ற நடைமுறை கை பழகிவிட்டால் போதும்.

வில்லியம் பிரவுனெல் 1935இல் இதை நேருக்கு நேர் மறுத்தார். எண்களுக்கிடையேயான உறவு புரியாமல் செய்யும் பயிற்சி வேகத்தைத் தரும், கணிதத்தைத் தராது என்றார். அவரும் ஹரால்ட் மோசரும் 1949இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடிக்கல்களில் ஒன்று. மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு இரண்டு கழித்தல் முறைகளைக் கற்பித்தார்கள். ஒன்று நாம் 'கடன் வாங்கிக் கழித்தல்' என்று பழகி, இப்போது பாடநூல் 'இனமாற்றம்' என்று சொல்லும் முறை. மற்றது, மேல் எண்ணிலும் கீழ் எண்ணிலும் சமமாகப் பத்தைச் சேர்த்துக் கழிக்கும் முறை. ஒவ்வொன்றையும் ஒரு பிரிவினருக்குக் காரணத்தோடும் இன்னொரு பிரிவினருக்கு இயந்திரம்போலவும் சொல்லிக்கொடுத்தார்கள். காரணத்தோடு கற்ற இனமாற்றமே மேலோங்கியது. பழகாத பெரிய எண்களுக்கு முறையை நீட்டிச் செல்லும்போது அது குறிப்பாகத் தெரிந்தது. காரணம் சொல்லாத பிரிவில் சமமாகச் சேர்க்கும் முறை பின்தங்கவில்லை. எந்த முறை சிறந்தது என்ற கேள்வியை, எப்படிக் கற்பிக்கப்பட்டது என்பதிலிருந்து பிரித்துக் கேட்க முடியாது என்பதை அந்த ஆய்வு காட்டியது.

பிரவுனெலின் தரப்பிலும் ஒரு பலவீனம் உண்டு. 'பொருள்' எங்கே இருக்கிறது என்பதை அவர் ஆசிரியரின் விளக்கத்திலேயே பெரும்பாலும் வைத்தார். விளக்கத்தையும் மனப்பாடம் செய்யலாம். "ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றுகிறேன்" என்று ஒப்பிக்கும் குழந்தை, "பக்கத்தில் கடன் வாங்குகிறேன்" என்று ஒப்பிக்கும் குழந்தையிடமிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை ஒப்பிப்பை மட்டும் கேட்டுச் சொல்லிவிட முடியாது.

கையில் கொடுக்கும் பொருள்கள்

விளக்கம் போதாது என்றால் கையில் கொடுக்கலாமே என்பது அடுத்த பதில். மரியா மாண்டிசோரியின் பொன்மணிகள் இதன் முன்னோடி: ஒற்றை மணி, பத்து மணி கோத்த கம்பி, நூறு மணியின் சதுரம், ஆயிரத்தின் கனசதுரம். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கிய மாண்டிசோரி இங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஹங்கேரியில் பிறந்த சோல்டான் டீன்ஸ் 1950களின் இறுதியில் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷையர் பள்ளிகளில் தம் மரக்கட்டைகளைப் புகுத்தினார். அவருடைய நோக்கம் பத்தடிமானத்தோடு நிற்கவில்லை. மூன்று, நான்கு, ஐந்து என்று பல அடிமானங்களில் கட்டைகளைக் கொடுத்தால், 'குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்தால் அடுத்த அலகு' என்ற பொது அமைப்பைக் குழந்தை தானே பிரித்தெடுக்கும் என்று நம்பினார். உலகம் அவருடைய பத்தடிமானப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை மறந்துவிட்டது.

தமிழ்நாட்டில் இந்தப் பதிலுக்கு நல்ல வரவேற்பு இருந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் விரிந்த செயல்வழிக் கற்றல், அட்டைகளையும் கற்றல் ஏணியையும் கைப்பொருள்களையும் வகுப்பின் நடுவே கொண்டுவந்தது. 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பொருள்வழிச் செயல்பாடுகளையே பெரிதும் நம்பியது.

ஆனால் கைப்பொருள் பற்றிய ஆராய்ச்சி எதிர்பார்த்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. காரணம் புரிய, முதலில் குழந்தைகள் செய்யும் பிழைகளைப் பார்க்க வேண்டும். 1978இல் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் கழித்தல் பிழைகளைக் கணினி வழியே ஆராய்ந்து, அவற்றில் பல கவனக்குறைவால் வருவன அல்ல என்று காட்டினார்கள். 52 - 27 = 35 என்று எழுதும் குழந்தை ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறது: எந்த இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழி. 300 - 156 என்ற கணக்கில் பூச்சியத்திடம் வாங்க முடியாமல் தாண்டிப்போய் வாங்கும் குழந்தை, வழி அடைபட்ட இடத்தில் தானே ஓர் ஒட்டுப்போடுகிறது. இந்த ஒட்டுகளுக்குள் ஒரு தருக்கம் இருக்கிறது. இல்லாதது அளவு பற்றிய எண்ணம்.

அப்படியானால் கட்டைகளோடு எழுத்துமுறையை அடிக்கு அடி இணைத்துக் காட்டினால் இந்தப் பிழைகள் ஒழிய வேண்டும். லாரன் ரெஸ்னிக்கும் சூசன் ஓமன்சனும் அதையே செய்து பார்த்தார்கள். 1987இல் வெளியான அவர்களுடைய முடிவு சங்கடமானது. குழந்தைகள் கட்டைகளை வைத்து அழகாக விளக்கினார்கள். தாளைக் கொடுத்ததும் பலர் பழைய பிழைகளுக்கே திரும்பினார்கள். இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. கேரன் ஃபியூசனும் டயான் பிரையர்ஸும் 1990இல், கட்டை, எண்பெயர், எழுத்து மூன்றையும் விடாமல் இணைத்து நீண்ட காலம் கற்பித்தபோது முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் நான்கு இலக்கக் கணக்குகளையும் நன்றாகச் செய்ததாகக் காட்டினார்கள். ஒரு வேறுபாடு முக்கியம் என்று தோன்றுகிறது. ரெஸ்னிக்கின் குழந்தைகளிடம் பிழை ஏற்கெனவே ஊறியிருந்தது. மருந்தாகக் கட்டைகள் வந்தன. ஃபியூசனின் குழந்தைகள் எழுத்துமுறையையே கட்டைகளோடு சேர்த்துக் கற்றார்கள். இந்த விளக்கம் பொருத்தமாகத் தெரிகிறது. ஆனால் இரண்டு ஆய்வுகளையும் வைத்து மட்டும் இதை உறுதியாகச் சொல்ல முடியாது.

உளவியலாளர் டேவிட் அட்டலும் அவரோடு பணியாற்றியவர்களும் இன்னோர் ஐயத்தை எழுப்பினார்கள். கட்டை பெரியவர்களுக்குப் பத்தாகத் தெரிகிறது, ஏனென்றால் அவர்களுக்குப் பத்து முன்பே தெரியும். குழந்தைக்கு அது முதலில் ஒரு கட்டை, அதாவது விளையாட்டுப் பொருள். அதை ஒரே நேரத்தில் பொருளாகவும் குறியீடாகவும் பார்க்க வேண்டியிருக்கிறது. பொருள் எவ்வளவு கவர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவு அது குறியீடாவது கடினம். ரூபாய் நோட்டை வைத்துக் கற்பிக்கலாம் என்று எல்லோரும் சொல்வதற்கும் இது பொருந்தும். நிகோல் மெக்நீல் முதலியோர் 2009இல் அமெரிக்கக் குழந்தைகளிடம் நோட்டும் காசும் கொடுத்துப் பார்த்தபோது, அசல்போல் இருந்த பணத்தோடு கணக்கிட்டவர்கள் அதிகமாகப் பிழை செய்தார்கள்; ஆனால் அவர்களுடைய பிழைகளில் கருத்துப்பிழைகளின் பங்கு குறைவாக இருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 55 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் கார்பனோ, மார்லி, செலிக் எழுதிய கட்டுரையும் கைப்பொருளால் சிறிய முதல் நடுத்தர அளவிலான பயன் உண்டு என்றும், அது பொருளின் தன்மையையும் ஆசிரியரின் வழிகாட்டலையும் பொறுத்து மாறுகிறது என்றும்தான் சொல்கிறது.

எல்லாப் பொருளும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். குச்சிக் கட்டில் பத்து உண்மையிலேயே பத்து மடங்கு பருமன். ஆணிமணிச் சட்டத்தில் பத்துகள் கம்பியில் உள்ள மணியும் ஒன்றுகள் கம்பியில் உள்ள மணியும் ஒரே அளவுதான். மதிப்பு அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. முதலாவது அளவைக் காட்டுகிறது, இரண்டாவது இடத்தைக் காட்டுகிறது. பல வகுப்பறைகளில் இரண்டும் ஒரே வாரத்தில், ஒன்றுக்கொன்று மாற்றாக வருகின்றன. இதைக் கவனிக்காமல் 'பொருளைக் கொடுத்தோம்' என்று நிறைவடைவது வழக்கம்.

குழந்தையே கண்டுபிடிக்கட்டும்

காமியின் பதில் மேலே சொன்ன எல்லாவற்றையும் நிராகரிப்பது. பத்து என்பது கட்டையிலும் இல்லை, ஆசிரியரின் சொல்லிலும் இல்லை. அது குழந்தை தன் மனத்தில் கட்டும் உறவு. பத்து ஒன்றுகளையும் ஒரு பத்தையும் ஒரே சமயத்தில் எண்ணிப்பார்க்கும் திறன் தானாக வளரும் வரை எழுத்துமுறைகளைக் கற்பிக்கக் கூடாது. 1998இல் ஆன் டாமினிக்குடன் எழுதிய கட்டுரையில், நான்காம் வகுப்பு வரை நிலையான எழுத்துமுறைகள் தீங்கே செய்கின்றன என்று வாதிட்டார். அவை குழந்தையைத் தன் சிந்தனையைக் கைவிடச் செய்கின்றன, இடமதிப்பை மறக்கடிக்கின்றன என்பவை அவருடைய காரணங்கள். முறை கற்காத குழந்தை 38 + 25ஐ இடமிருந்து தொடங்குகிறது: முப்பதும் இருபதும் ஐம்பது, எட்டும் ஐந்தும் பதின்மூன்று, ஆக அறுபத்து மூன்று. முறை கற்ற குழந்தை 'எட்டும் அஞ்சும் பதிமூணு, மூணு போட்டு கையில ஒண்ணு' என்கிறது. கையில் இருக்கும் அந்த ஒன்று பத்து என்பது அதன் வாயில் வருவதே இல்லை.

தாமஸ் கார்பெண்டர் குழுவினர் 82 குழந்தைகளை முதல் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை பின்தொடர்ந்து 1998இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தரப்புக்கு ஓரளவு வலு சேர்க்கிறது. எழுத்துமுறைக்கு முன்பே சொந்த வழிகளைக் கண்டுபிடித்துப் பயன்படுத்திய குழந்தைகளிடம் இடமதிப்பு அறிவு மேலாக இருந்தது. அவர்கள் வழக்கமான பிழைகளைக் குறைவாகச் செய்தார்கள். ஆனால் யார் கண்டுபிடிப்பது, யார் முறையை நம்புவது என்பதை ஆய்வாளர்கள் ஒதுக்கீடு செய்யவில்லை. குழந்தைகள் தாமாகவே பிரிந்தார்கள். கண்டுபிடிப்பு புரிதலைத் தந்ததா, புரிதல் உள்ளவர்கள் கண்டுபிடித்தார்களா என்பதைப் பிரிப்பது எளிதல்ல.

இன்னொரு குறை நடைமுறை சார்ந்தது. ஒவ்வொரு குழந்தையின் வழியையும் கேட்டு, அதைக் கரும்பலகையில் விவாதமாக்க ஆசிரியருக்கு நேரமும் கணிதத் தேர்ச்சியும் வேண்டும். ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் இதை எவ்வளவு தூரம் செய்ய முடியும் என்ற கேள்விக்கு இந்தத் தரப்பு தெளிவான பதில் தரவில்லை.

அளவும் இடமும் வேறு வேறு

என் பார்வையில் விவாதத்தை உண்மையில் நகர்த்தியது இங்கிலாந்தின் இயன் தாம்சன் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் வலியுறுத்திய ஒரு பிரிப்பு. இடமதிப்பு என்ற ஒரே தலைப்பில் இரண்டு கருத்துகள் ஒளிந்திருக்கின்றன என்றார். 64 என்பது அறுபதும் நாலும் என்று காண்பது ஒன்று. அளவு மதிப்பு எனலாம். 64 என்பது பத்துகள் இடத்தில் 6, ஒன்றுகள் இடத்தில் 4 என்று காண்பது இன்னொன்று. இட மதிப்பு என்ற பெயர் இதற்குத்தான் கண்டிப்பாகப் பொருந்தும். மனக்கணக்குக்கு முதலாவது போதும். இரண்டாவது தேவைப்படுவது மேலும் கீழுமாக எழுதிச் செய்யும் கணக்குக்குத்தான். முதலாவதைக் குழந்தைகள் ஒப்பீட்டளவில் எளிதாகப் பிடிக்கிறார்கள். இரண்டாவதை முதலாவதோடு இணைப்பதில்தான் காமியின் பதினாறும் ராஸின் இருபத்தைந்தும் இடறுகின்றன.

இந்தப் பிரிப்பை ஏற்றால் கேள்வியே மாறுகிறது. எந்தப் பொருளைக் கொடுப்பது என்பதைவிட, கட்டம் போட்ட அட்டவணையை எப்போது காட்டுவது என்பது பெரிய கேள்வியாகிறது. இங்கிலாந்து 1999இன் தேசிய எண்ணறிவுத் திட்டத்தில் மனக்கணக்கை முன்னே வைத்து, நிலைக்குத்து முறைகளைப் பின்னுக்குத் தள்ளியது. 2014இன் பாடத்திட்டம் அந்த முறைகளுக்கு மீண்டும் முன்னிடம் கொடுத்தது. இரண்டு மாற்றங்களிலும் ஆராய்ச்சியைவிட அரசியல் விருப்பத்துக்கே அதிகப் பங்கு இருந்தது என்று ஐயுறலாம்.

நெதர்லாந்து வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தது. ஹான்ஸ் ஃபிராய்டெந்தாலின் சிந்தனையில் வளர்ந்த நடைமுறைசார் கணிதக் கல்வி, நூறு மணி கோத்த மாலையையும் பின்னர் எண்கள் குறிக்காத வெற்று எண்கோட்டையும் மையமாக்கியது. 52 - 27ஐ இங்கே பிரிப்பதில்லை; தாவுகிறார்கள். 52இலிருந்து இருபது பின்னே தாவினால் 32, அங்கிருந்து ஏழு தாவினால் 25. இரண்டிலிருந்து ஏழு போகாது என்ற முட்டுக்கட்டையே எழவில்லை. தில்லியைச் சேர்ந்த ஜோடோ ஞான் அமைப்பு இதே கருத்தைக் 'கணிதமாலா' என்ற மணிமாலையாக இந்திய வகுப்பறைகளுக்குக் கொண்டுவந்தது. நெதர்லாந்தில் எதிர்ப்பும் கிளம்பியது. எழுத்துக்கணக்குத் திறன் குறைந்துவிட்டது என்ற குற்றச்சாட்டை ஒட்டி அந்நாட்டின் அறிவியல் கழகம் 2009இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மரபுமுறைக்கும் புதுமுறைக்கும் இடையே எது மேல் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்பதே அதன் சாரம்.

லிபிங் மா 1999இல் வெளியிட்ட நூலும் இங்கே சேரும். 23 அமெரிக்க ஆசிரியர்களிடமும் 72 சீன ஆசிரியர்களிடமும் இனமாற்றக் கழித்தலை எப்படிக் கற்பிப்பீர்கள் என்று கேட்டார். அமெரிக்கர்களில் பெரும்பாலோர் கடன் வாங்கும் நடைமுறையை விளக்கினார்கள். சீனர்களில் பெரும்பாலோர் உயர் அலகு ஒன்றைக் கலைப்பதைப் பற்றிப் பேசினார்கள். கலைக்கும் வழிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை என்றும் காட்டினார்கள். மா ஆராய்ந்தது ஆசிரியரின் அறிவை. அவர்களுடைய மாணவர்கள் எவ்வளவு கற்றார்கள் என்பதை அல்ல. இதை மறந்து அந்நூலை மேற்கோள் காட்டுபவர்கள் அதிகம்.

எண்பெயர்கள் உதவுமா?

ஐரின் மியூராவும் யுகாரி ஒகமோட்டோவும் 1980களின் இறுதியிலிருந்து ஒரு துணிச்சலான கருதுகோளை முன்வைத்தார்கள். சீனம், ஜப்பானியம், கொரிய மொழிகளில் பதினொன்று 'பத்து ஒன்று', இருபத்து மூன்று 'இரண்டு பத்து மூன்று'. எண்பெயரே இடமதிப்பைச் சொல்லிவிடுகிறது. 1993இல் பிரான்ஸ், ஜப்பான், கொரியா, சுவீடன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் முதல் வகுப்புக் குழந்தைகளை ஒப்பிட்டபோது, ஆசியக் குழந்தைகள் பத்துக் கட்டைகளையும் ஒற்றைக் கட்டைகளையும் கொண்டு எண்களைக் காட்டினார்கள். மற்றவர்கள் ஒற்றைக் கட்டைகளையே அடுக்கினார்கள். ஜான் டவ்ஸும் மாத்யூ சாக்ஸ்டனும் 1997இல் இதைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். தொடக்கத்தில் பத்துக் கட்டையைப் பயன்படுத்தும் ஒரு மாதிரியைக் காட்டிவிட்டால் ஆங்கிலம் பேசும் குழந்தைகளும் அப்படியே செய்தார்கள். மொழியால் வந்தது என்று எண்ணியதில் ஒரு பகுதி சோதனை நடத்திய விதத்தால் வந்தது.

தலைகீழாகப் பேசும் மொழிகளில் சான்று இன்னும் வலுவாக இருக்கிறது. ஜெர்மனில் 24ஐ 'நாலும் இருபதும்' என்று சொல்கிறார்கள். ஆஸ்திரியாவின் முதல் வகுப்புக் குழந்தைகள் எண்களைக் கேட்டு எழுதியபோது செய்த பிழைகளில் ஏறத்தாழ பாதி இந்தத் தலைகீழ் மாற்றத்தோடு தொடர்புள்ளவை என்று 2009இல் ஒரு குழு கண்டது. அதே வட்டாரத்தைச் சேர்ந்த கோர்பினியன் மோலர் முதலியோர் 2011இல், முதல் வகுப்பில் உள்ள இடமதிப்புப் புரிதல் மூன்றாம் வகுப்புக் கூட்டல் திறனை முன்னறிவிக்கிறது என்றும் காட்டினார்கள்.

தமிழ் இந்த வரிசையில் எங்கே நிற்கிறது? இந்தியில் நூறு வரை ஒவ்வொரு பெயரையும் ஏறக்குறைய தனித்தனியே நெட்டுருப்போட வேண்டும். 59 அங்கே அறுபதுக்கு ஒன்று குறை. தமிழில் பத்து முன்னே வருகிறது, ஒன்று பின்னே வருகிறது. பதினான்கிலும் முப்பத்தாறிலும் பத்து காதில் விழுகிறது. ஆங்கிலத்தின் 'தர்ட்டீன்', 'தர்ட்டி' குழப்பம் இல்லை. ஆனாலும் ஒன்பதின் வரிசை முரண்டுபிடிக்கிறது. எண்பதுக்கு அடுத்து 'ஒன்பது பத்து' வராமல் தொண்ணூறு வருகிறது; எண்ணூறுக்கு அடுத்துத் தொள்ளாயிரம் வருகிறது. இரண்டிலும் அடுத்த பெரிய அலகின் பெயரே ஒலிக்கிறது. 90ஐச் சொல்லும்போது நூறு கேட்கிறது, 900ஐச் சொல்லும்போது ஆயிரம் கேட்கிறது. எண்ணூறும் தொண்ணூறும் ஒலியில் அருகருகே இருக்க, மதிப்பில் ஓரிடம் தள்ளி நிற்கின்றன.

இதை அளந்து பார்த்த முயற்சி ஒன்று உண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் ஆன் டவுக்கரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் 2008இல் வேல்ஸ் குழந்தைகளையும், இங்கிலாந்தில் வாழும் தமிழும் ஆங்கிலமும் பேசும் குழந்தைகளையும் ஆராய்ந்தார்கள். ஒழுங்கான எண்பெயர்கள் கொண்ட வேல்ஸ் மொழி பேசியவர்கள் ஈரிலக்க எண்களை ஒப்பிடுவதில் மேலாக இருந்தார்கள். எண்கணிதத் தேர்வுகளில் வேறுபாடு இல்லை. தமிழ்க் குழந்தைகளிடம் படம் புரண்டது. எண்கணிதத் தேர்வுகளில் ஒன்றில் ஆங்கிலம் மட்டும் பேசுபவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஈரிலக்க ஒப்பீட்டில் வேறுபாடு இல்லை. தமிழ் எண்பெயர்களே குழந்தைக்கு இடமதிப்பைக் கற்றுக்கொடுத்துவிடும் என்று பெருமைப்பட விரும்புவோருக்கு இந்த முடிவு உதவாது. குடும்பத்தின் கல்வி ஆர்வம், வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் எனப் பல காரணிகள் இடையே வரலாம்.

பெயர் தெளிவாக இருந்தாலும் எழுத்துக்குச் செல்லும் பாதை நேரானதல்ல. பழைய தமிழ் இலக்கமுறையில் 23ஐ ௨௰௩ என்று எழுதினார்கள். இரண்டு, பத்து, மூன்று. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக்குறி உண்டு. வாயில் வருவது அப்படியே ஏட்டில் வரும். இன்றைய முறையில் அந்தப் பத்தின் குறி மறைந்து, வெறும் இடமாகிவிட்டது. 'நூற்று இருபத்து மூன்று' என்று கேட்டதும் 100203 என்றோ 10023 என்றோ எழுதும் குழந்தை, கேட்டதை விடாமல் எழுதுகிறது. அர்ஜென்டினாவில் டெலியா லெர்னரும் பத்ரீசியா சடோவ்ஸ்கியும் 1994இல் இத்தகைய எழுத்தைப் பிழையாகக் கொள்ளாமல் குழந்தையின் ஊகமாகக் கொண்டார்கள். பெரிய எண்ணுக்கு அதிக இலக்கங்கள் இருக்கும் என்று குழந்தைக்கே தெரியும். 100203ஐயும் 200ஐயும் பக்கத்தில் வைத்தால், இருநூறைவிடச் சிறிய எண் ஏன் இவ்வளவு நீளம் என்று அதுவே கேட்கத் தொடங்கும். ஒன்று, பத்து, நூறு என்று ஆண்டுக்கொரு படியாக எண்ணை அளந்து கொடுக்கும் பாடத்திட்டம் இந்த மோதலுக்கு வாய்ப்பே தருவதில்லை என்பது அவர்களுடைய குறை. இத்துறையில் நான் படித்தவற்றில் மிகக் குறைவாகப் பேசப்பட்டு, மிக அதிகம் பேசப்பட வேண்டிய கருத்து இதுதான்.

சந்தையின் கணக்கு

பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் பொருள் விற்ற சிறுவர்களை 1985இல் தெரெசின்யா நூனெஸ் முதலியோர் சோதித்தார்கள். வியாபாரத்தில் கேட்ட கணக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி. அதே கணக்குகளைத் தாளில் எண்களாகக் கொடுத்தபோது முப்பத்தேழு. குழந்தைகள் ஐந்து பேர்தான் என்பதால் அந்த முடிவு நெடுங்காலம் ஒரு சுவையான கதையாகவே நின்றது. கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலைசெய்யும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2025இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு அதைப் பேரளவில் உறுதிப்படுத்தியது. எதிர்ப்பக்கமும் அதில் இருந்தது: பள்ளிக் கணக்கில் தேர்ந்த குழந்தைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். தாம்சனின் சொற்களில் படித்தால், சந்தைக் குழந்தையிடம் அளவு இருக்கிறது, பள்ளிக் குழந்தையிடம் இடம் இருக்கிறது. பாலம் இரு பக்கமும் இல்லை. இது என் வாசிப்பு. ஆய்வாளர்கள் இப்படிப் பிரிக்கவில்லை.

தீராமல் இருப்பவை

சிலவற்றில் ஓரளவு உடன்பாடு எட்டியிருப்பதாகச் சொல்லலாம். அட்டவணையை நிரப்புவது புரிதலுக்குச் சான்றாகாது. பொருள் மட்டும் கற்பிக்காது. எழுத்தோடும் சொல்லோடும் விடாமல் இணைக்கப்பட்டால் உதவக்கூடும். கழித்தல் பிழைகளைக் கவனக்குறைவு என்று திருத்துவது பெரும்பாலும் வீண். இதற்கு மேல் எல்லாம் விவாதத்துக்குரியவை.

நிலைக்குத்து முறையை எந்த வகுப்பில் தொடங்குவது என்பதில் சான்று பிளவுபட்டே இருக்கிறது. மூன்றாம் வகுப்பு வரை எண்கோடும் பிரித்துக் கூட்டலும் போதும், கட்டம் பிறகு வரட்டும் என்ற பக்கம் என் கணிப்பு சாய்கிறது. ஆனால் முறையைத் தள்ளிவைத்த நாடுகளின் அனுபவம் தெளிவான வெற்றியாக இல்லை. ஆண்டு இறுதித் தேர்வும் பெற்றோரின் எதிர்பார்ப்பும் முறையையே கேட்கும் சூழலில், தள்ளிவைத்த இடத்தை எது நிரப்பும் என்பதும் தெரியவில்லை. தமிழில் எண்ணி, ஆங்கில வழியில் எழுதும் இலட்சக்கணக்கான குழந்தைகளின் தலைக்குள் 17ம் 70ம் எப்படி நடந்துகொள்கின்றன என்ற கேள்விக்கு, இங்கிலாந்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வை வைத்துப் பதில் சொல்ல முடியாது. அந்த ஆய்வு இங்கேதான் நடக்க வேண்டும்.

அளவுகோலும் ஒரு சிக்கல். பிரதம் அமைப்பின் 'ஏசர்' கணக்கெடுப்பு 2005 முதல் ஊர்ப்புறக் குழந்தைகளிடம் ஈரிலக்க எண்களைப் படிக்கச் சொல்கிறது, இனமாற்றக் கழித்தலைச் செய்யச் சொல்கிறது. 2024 அறிக்கையின்படி நாட்டளவில் மூன்றாம் வகுப்பில் அந்தக் கழித்தலைச் செய்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். திட்டங்கள் இந்த எண்ணை உயர்த்துவதையே இலக்காகக் கொள்கின்றன. ஆனால் ஒரு குழந்தை முறையை நன்றாகப் பழகி அந்தக் கணக்கைச் சரியாகச் செய்துவிட்டு, 16இல் உள்ள 1க்கு ஒரே காயை எடுத்து வைக்கலாம். மனத்தில் தாவித் தாவி விடை கண்டு, தாளில் தவறாக எழுதும் குழந்தையும் இருக்கலாம். கணக்கெடுப்பில் முதல் குழந்தை தேறியவர், இரண்டாவது தேறாதவர். இவ்விருவரும் ஐந்தாம் வகுப்பில் தசம எண்களைச் சந்திக்கும்போது யார் எங்கே நிற்பார்கள் என்பதை, குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வுகளே சொல்ல முடியும்.